இருநூறு கண்ணாடி, இருநூறு டம்ளர், ஒரு நைனா

அன்புள்ள ஜெசிக்கு,

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நீ மீனம்பாக்கத்தில் வந்து இறங்குகிறாய். உன்னை அழைத்துவர உன் அம்மா வருகிறாள். அவள் அண்ணன் அந்தோணி மாமா வருகிறார். அவர் மகள் ஸ்டெல்லா வருகிறாள், அவளைக் கட்டிய விக்டர் வருகிறான், ராயபுரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஜனம் வருகிறது. வேன் பேசியது நான். டிரைவருக்கு வழி சொன்னது நான். ஆனால் அந்த வேனில் எனக்கு இடம் இல்லை. ஆறு வாரத்துக்கு முன்னால் மலாவி நாட்டு விமான நிலையத்திலிருந்து போன் செய்து, "நைனா, நான் திரும்பி வர்றப்ப ஏர்போர்ட்டுக்கு நீ வராதே" என்று நீ சொன்னது இன்னும் அமலில் இருக்கிறது. அதற்குப் பிறகு நாம் பேசாமல் இல்லை. சாப்பிட்டாயா, மழை உண்டா, கொசுவலை கட்டினாயா என்று எல்லாம் பேசினோம். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நீயும் திரும்ப எடுக்கவில்லை, நானும் தொடவில்லை. தூங்குகிற நாயைத் தாண்டிப் போவதுபோல அதைத் தாண்டித் தாண்டியே பேசினோம். ஆகவே இந்தக் கடிதத்தை, அந்தத் தடையை நீக்கக் கோரும் மனுவாக எடுத்துக்கொள்.

மனு போடுகிறவன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். என் மேல் மூன்று குற்றங்கள் இருப்பது உனக்குத் தெரியும். நான்காவது ஒன்று இருக்கிறது. அது உன் அம்மாவுக்கே தெரியாது. கடைசியில் சொல்கிறேன், நடுவில் தாவிப் படிக்காதே. உனக்கு மட்டும் தனியாக எழுதி அனுப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உன் அம்மாதான் விடவில்லை. "நீ பண்ண வேலை ராயபுரத்துலேந்து காத்திவாக்கம் வரைக்கும் அத்தினி பேருக்கும் தெரியும். மன்னாப்பு மட்டும் இன்னாத்துக்கு ஒளிச்சு கேக்கற? ஊரறிய எழுது" என்றாள். எழுத ஆரம்பித்ததும் எட்டிப் பார்த்து, "இன்னா இது, சுவர்ல போஸ்டர் எழுதற மாதிரி அம்மாம் பெரிய எழுத்து? நாலு வரிக்கு ஒரு பேப்பரா?" என்று அதற்கும் ஒரு குத்தல். இந்தப் பக்கங்களைப் படம் பிடித்து உனக்கும் சொந்தக்காரர்கள் குரூப்புக்கும் அனுப்பப் போகிறவளும் அவள்தான் என்பதால் பதில் பேசாமல் எழுதுகிறேன்.

நான் துறைமுகத்து கிளியரிங் ஆபீசில் முப்பது வருடமாகக் குப்பை கொட்டுகிறவன். பெட்டிக்குள் இருப்பதும் காகிதத்தில் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. நீ ஸ்கூலுக்குப் போகும் காலத்தில் உன் பையையும் அப்படித்தான் சோதிப்பேன். "கணக்கு நோட்டு ஒன்று, டிபன் பாக்ஸ் ஒன்று, காகிதத்தில் காட்டாத சரக்கு, மாங்காய் இரண்டு!" என்று கூவுவேன். நீ சிரித்துக்கொண்டே ஒரு மாங்காயை எனக்கு வரியாகக் கட்டிவிட்டுப் போவாய். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, உனக்கும் தெரியும். பெட்டியைப் பிரிப்பவர் ஒருவர், பட்டியலைப் படிப்பவர் இன்னொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்யக்கூடாது. செய்தால், கண் எதைப் பார்த்தாலும் வாய் காகிதத்தில் உள்ளதைத்தான் சொல்லும். ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுப்பது அடியேன்தான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

நீ கிளம்பின வாரம் நம் வீட்டுக் கூடத்தில் இரண்டு அட்டைப்பெட்டிகள் இருந்தன. ஒன்று உன்னுடையது. உன் நர்சிங் கல்லூரியிலிருந்து பன்னிரண்டு பேர், மலாவியில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்கு ஆறு வாரம் சேவைக்குப் போகிறீர்கள். அங்கே வயதானவர்களுக்குக் கொடுக்க இருநூறு மூக்குக்கண்ணாடி, எல்லாம் கிட்டத்தில் உள்ளதைப் படிக்கிற கண்ணாடி. மற்றது அந்தோணி மாமாவுடையது. நீ விமானம் ஏறும் அதே நாள் சாயங்காலம் ஸ்டெல்லாவின் கல்யாண வரவேற்பு. வருகிறவர்களுக்குப் பையில் போட்டுக் கொடுக்க இருநூறு எவர்சில்வர் டம்ளர், ஒவ்வொன்றிலும் 'ஸ்டெல்லா – விக்டர்' என்று பெயர் வெட்டியது. இரண்டு பெட்டியும் ஒரே அளவு, எடையும் கிட்டத்தட்ட ஒன்று. "கட்டற வேலைய என்கிட்ட வுடுங்க" என்று இரண்டையும் வலிய வாங்கிக்கொண்டேன். டேப் சுற்றினேன், நைலான் பட்டை போட்டு இறுக்கினேன், ஆபீஸ் பிரிண்டரில் பட்டியல் அடித்துக்கொண்டுவந்து இரண்டின் நெற்றியிலும் ஒட்டினேன். மாற்றி ஒட்டினேன்.

கிளம்புகிற காலையில் உன் தோழிகள் நான்கு பேர் வாசலில் காரோடு நிற்க, நீ மட்டும் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து பட்டையைத் தடவிப் பார்த்தாய். "நைனா, ஒரு தபா பிரிச்சுப் பாத்துடலாமா? எனக்கு இன்னாவோ மனசு கேக்கல" என்றாய். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'நீ பிரிம்மா, நான் படிக்கிறேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. "இன்னாது? நான் கட்டின பெட்டிய நீ செக் பண்ணுவியா? முப்பது வர்ஷம்மா! கப்பலுக்கே கையெழுத்து போடற கை இது. வந்துட்டாங்க பெரிய கஸ்டம்ஸ் ஆபீசரம்மா!" என்று சலாம் வேறு போட்டுக் காட்டினேன். தோழிகள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், ஆனால் உன் காது சிவந்துபோனதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் இன்னொரு சலாம் போட்டேன். இது முதல் குற்றம். பெரிய பெரிய அறிவுரையெல்லாம் என்னிடம் இல்லை ஜெசி. ஒன்று மட்டும் சொல்கிறேன். யாராவது 'முப்பது வருஷம்' என்று பேச்சை ஆரம்பித்தால் உடனே பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிடு. அந்த ஆள் உன் அப்பனாக இருந்தால் இரண்டு தடவை பார்.

இரண்டாவது குற்றம் அன்று சாயங்காலமே நடந்தது. தண்டையார்பேட்டை மண்டபம், பாட்டுக் கச்சேரி, பிரியாணி வாசனை, நான் கோட்டு போட்டுக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாரிடம் துறைமுகக் கதைகள் விட்டுக்கொண்டிருக்கிறேன். மேடைக்குப் பக்கத்து அறையிலிருந்து அந்தோணி மச்சான் கை காட்டிக் கூப்பிட்டார்.

"மாப்ளே, இங்க வா. இது இன்னா?"

"டம்ளர், மச்சான்."

"டம்ளரா? எந்த ஊர்ல டம்ளருக்கு ரெண்டு கம்பி வெச்சு காதுல மாட்றாங்க?"

எட்டிப் பார்த்தேன். பெட்டி நிறையக் கண்ணாடி. அத்தனையும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. சாப்பிட்டு முடித்தவர்கள் பை வாங்க வரிசையில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதே பெட்டியை மூடியிருக்கலாம். 'மச்சான், இது என் பொண்ணு கொண்டுபோக வேண்டியது, நாளைக்கே ஏதாவது வழி பார்த்து அனுப்பணும்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் முப்பது வருஷம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும் அல்லவா? "குடுத்துடு மச்சான்" என்றேன். "எல்லாரும்தான் டம்ளர் குடுக்கறாங்க. நம்ம புதுசா எதனா பண்ணுவோம்." அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் வேறு வழியில்லாமல் கொடுத்தார்.

அதற்கப்புறம் நடந்த கூத்தை நீ பார்க்காமல் போனதுதான் எனக்கு வருத்தம். ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு பவர் இல்லையா? ஜனங்கள் பையைப் பிரித்து மாட்டிப் பார்த்து, சரிப்படாமல் பக்கத்து நாற்காலிக்காரரோடு மாற்ற ஆரம்பித்தார்கள். "எனுக்கு ஒன்ற, உனுக்கு இன்னா? ரெண்டா? குடு அத்த!" என்று மண்டபமே சந்தையாகிவிட்டது. கச்சேரிக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தங்களுக்கும் ஆளுக்கொன்று கேட்டு வாங்கினார்கள். திருவொற்றியூர் சித்தி ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்த சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்து, "அட கடவுளே, இத்தினி நாளா இந்த மூஞ்சி இப்டியா கீது?" என்று கேட்டது மேடை வரைக்கும் கேட்டது. ஸ்டெல்லாவின் கல்யாண குரூப் போட்டோவில் மணமக்களைத் தவிர அத்தனை பேரும் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். சரி, அத்தனை பேரும் இல்லை, ஓர் ஆள் போடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது குற்றம் மிகச் சின்னது, அதனால்தான் மிகக் கேவலமானது. நீ நடுவழியில் ஒரு விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தாய். "கல்யாணம் எப்டி நைனா?" என்று செய்தி அனுப்பினாய். விஷயத்தைச் சொல்ல நான்கு மணி நேரம் எனக்கு இருந்தது. "சூப்பர்" என்று பதில் போட்டேன். கூடவே ஆடுகிற பொம்மை இரண்டு.

மறுநாள் மலாவியில் இறங்கி, சுங்க அதிகாரியிடம் 'பெட்டியில் மூக்குக்கண்ணாடி' என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய். பெட்டியைப் பிரித்தால் டம்ளர். காகிதத்தில் ஒன்று, பெட்டியில் வேறொன்று. எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அதை என் மகள் கையால் செய்ய வைத்தேன். அந்த அதிகாரி நல்ல மனுஷன். ஒரு டம்ளரை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதற்குள் இன்னொரு கண்ணை வைத்துப் பார்த்து, "ரொம்ப பவர்ஃபுல் கண்ணாடி" என்றாராம். உன் குழுவே சிரித்ததாம். இரண்டே நாளில், என்னால் ஒரே கூட்டத்துக்கு முன்னால் இரண்டாவது முறை நீ அவமானப்பட்டு நின்றாய். அவர் ஒரு மணி நேரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார். வெளியே வந்த உடனே எனக்குப் போன் செய்தாய். நீ கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தித் தப்பித்திருப்பேன். நீ கத்தவில்லை. "உனுக்கு நேத்தே தெரியும், இல்ல?" என்று கேட்டாய். அப்புறம் அந்த ஏர்போர்ட் வாக்கியம்.

இங்கே நம் தெருவில் இது பத்து நாள் சிரிப்பாய்ச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், நீ சொன்ன ஒரு விஷயத்தை உன் அம்மா என்னிடம் சொல்லும் வரைக்கும். எஸ்தர் என்று ஒரு தையல்கார அம்மா, கண்ணாடி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு கிராமம் தாண்டி நடந்து வந்தாளாம். கண்ணைச் சோதித்து என்ன பவர் வேண்டும் என்று சீட்டும் எழுதிவிட்டு, 'கண்ணாடி இல்லை' என்று நீ சொல்ல வேண்டியிருந்ததாம். அவள் கோபப்படவில்லையாம், சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, உன் கன்னத்தைத் தட்டிவிட்டு, வந்த வழியே நடந்து போனாளாம். அதை அம்மாவிடம் சொல்லும்போது நீ அழுதாய் என்றாள். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

கல்யாணத்தில் கொடுத்த பரிசை வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கேட்ட ஒரே ஆள் இந்த வடசென்னையில் நானாகத்தான் இருப்பேன். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், காத்திவாக்கம் என்று இரண்டு வாரம் சுற்றினேன். டாங்கர் லாரிகளுக்கு நடுவில் ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். "பரிசு குடுத்துட்டு திருப்பிக் கேக்கற மூஞ்சிய இப்பதான் தெளிவா பாக்கறேன்" என்றார் ஒருவர், அதே கண்ணாடி வழியாகப் பார்த்து. திருவொற்றியூர் சித்தி தன்னுடையதைத் தரவே மாட்டேன் என்றாள், சித்தப்பாவுடையதைக் கொடுத்தாள். "அந்தாளு என்ன தெளிவா பாத்து இன்னா ஆவப் போவுது? எடுத்துகினு போ." காத்திவாக்கத்தில் இறால் ஆயும் பெண்கள் நாலு பேர் ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அங்கே வாய் திறந்து கேட்கவே முடியவில்லை. எஸ்தர் கதையைச் சொன்னேன். அவர்களாகவே கழற்றித் துடைத்துக் கொடுத்தார்கள், பத்து இறால் கூடச் சேர்த்து.

காசிமேட்டில் லூர்து பெரியப்பாவை உனக்கு நினைவிருக்கும். வலை பின்னுகிற மனுஷர், வாயைத் திறந்தால் வம்பு. நான் போனபோது மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் வலை ஊசி, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"டேய், மூணு வர்ஷமா குத்துமதிப்பா பின்னிகினு கீறேன். இப்பதான்டா கண்ணி கண்ணியா தெரியுது. இத்த குடுத்துட்டு நான் இன்னாத்த பின்றது?"

"அந்தம்மா தைக்கிறவங்க, பெரியப்பா. ஊசில நூல் கோக்க முடியாம வந்தவங்க."

அவர் வலை ஊசியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றி, லுங்கியில் துடைத்து, தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஊசிக்காரியா? அப்ப நம்ம ஜாதிதான். எடுத்துகினு போ" என்று என் சட்டைப்பையில் போட்டார். பிறகு, "வந்ததுக்கு இந்த ஊசில இந்த நூல கோத்துக் குடுத்துட்டுப் போ, மவனே" என்று நீட்டினார். நான், "அவசர வேலை கீது பெரியப்பா" என்று ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் அவர் சிரித்தது கேட்டது. மறுநாளே அவருக்குப் புதுக் கண்ணாடி ஒன்று கடையில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஊசி இல்லாத நேரமாகப் பார்த்து.

நூற்றெழுபத்தொன்று திரும்பி வந்தது. மீதியை அந்தோணி மச்சானும் நானும் புதிதாக வாங்கிச் சேர்த்தோம். நான்காம் வாரம் இங்கிருந்து அங்கே கிளம்பிய உங்கள் கல்லூரி டாக்டரம்மாவிடம் கொடுத்தனுப்பினோம். அந்தப் பெட்டியைக் கட்டும்போது உன் அம்மா எண்ணிப் போட்டாள், ஸ்டெல்லா பட்டியல் படித்தாள், விக்டர் டேப் ஒட்டினான். என்னைச் சமையலறையில் நிற்க வைத்திருந்தார்கள். "அங்கேந்து வேடிக்கை பாரு, அது போதும்" என்று உத்தரவு.

ஆனால் ஜெசி, டம்ளர் என்ன ஆயிற்று என்று நீ அனுப்பிய குரல் செய்தியை நாங்கள் எத்தனை தடவை கேட்டோம் என்று உனக்குத் தெரியாது. அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் கிரேஸ் சிஸ்டர் முதல் நாளே ஒரு டம்ளரை எடுத்து, அளவு ஜாடியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்களாமே. "கழுத்துக் கோடு வரைக்கும் ஊத்தினா கரெக்டா இருநூறு மில்லி, நைனா! இங்க கொழந்தைங்களுக்கு வயித்தால போனா உப்பு சக்கரப் பொடி குடுக்கறோம். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணி. தண்ணி கொறஞ்சாலும் தப்பு, கூடினாலும் தப்பு. வூட்டுக்கு வூடு பாத்திரம் வேற வேற, அளவு சொல்லி மாளல. இப்ப அஞ்சு டம்ளர் ஒரு பாக்கெட்டு, அவ்ளோதான். அம்மாக்கள் கைய விரிச்சு அஞ்சு விரல காட்டிட்டுப் போறாங்க" என்றாய். உன் குரலில் இருந்த துள்ளலைக் கேட்டு எனக்கு மெதுவாக மூச்சு வந்தது. கூடவே ஒரு படம்: ஓர் அம்மா, மடியில் குழந்தை, அதன் வாயருகில் டம்ளர், டம்ளரில் 'ஸ்டெல்லா – விக்டர்'. அதுவரை என்னோடு மூஞ்சி கொடுத்துப் பேசாத அந்தோணி மச்சான் அந்தப் படத்தைச் சட்டம் போட்டுத் தன் கடையில் மாட்டியிருக்கிறார். சாமான் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "பாத்தியா, நம்ம பொண்ணு கல்யாணம் ஆப்பிரிக்கா வரைக்கும் போய்க்கீது. எல்லாம் நம்ம மாப்ள பிளானு" என்கிறார். நானும் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன். இதையும் குற்றப் பட்டியலில் சேர்த்துக்கொள்.

நீ போகிறேன் என்று முதலில் சொன்னபோது, "ஏன், ராயபுரத்துல வியாதிக்கா பஞ்சம்?" என்று கேட்டவன் நான். சிங்கம் வருமா என்று கல்லூரிக்குப் போன் செய்து கேட்டவனும் நான்தான். நீ அதை இன்றுவரை அம்மா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். இந்தக் கடைசி வாரம் நீ அனுப்பிய செய்திகளைக் கேட்கக் கேட்க, நான் அனுப்பிய பெண்ணும் வரப்போகிற பெண்ணும் ஒரே எடை இல்லை என்று தோன்றுகிறது. மிச்ச மருந்தை எண்ணிக் கிரேஸ் சிஸ்டரிடம் ஒப்படைத்தீர்கள். நீ எண்ண, அவர்கள் படித்தார்கள் என்று சொன்னாய். அதைக் கேட்டு எனக்கு ஏற்பட்ட பெருமையை எழுத இந்தத் தாள் போதாது. ஆஸ்பத்திரிச் சுவரில் ஐந்து டம்ளர் படம் வரைந்தீர்கள். கடைசி நாள் எஸ்தர் மறுபடி நடந்து வந்தாள், அதே சீட்டை இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினாள், கண்ணாடியை மாட்டிய கையோடு ஊசி கேட்டு வாங்கி ஒரே குத்தில் நூல் கோத்தாள், அறுந்து கிடந்த உன் பை வாரை அங்கேயே தைத்துக் கொடுத்தாள் என்றாய். பிரியும்போது ஊரே பாடியதாம். பதிலுக்கு நீங்கள் பாடத் தெரியாமல் விழித்து, கடைசியில் நம்ம ஊர் கானா ஒன்றை நீ எடுத்துவிட, கிழவர்கள் எல்லாம் ஆடினார்களாம். "நாங்க யாரையும் காப்பாத்தல நைனா. கிரேஸ் சிஸ்டர் தெனம் செய்யறத ஆறு வாரம் கூட நின்னு செஞ்சோம். அவ்ளோதான்" என்றாய். உன் வயதில் நான் ஆறு வாரம் வேலை செய்திருந்தால் அறுபது வருடம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

இதுவரை எழுதிவிட்டு டீ போட எழுந்தேன். அதற்குள் உன் குரல் செய்தி வந்து நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன், ஊரும் படிக்கட்டும்.

"நைனா, பேக்கிங் முடிஞ்சுது. பை, ஷூ, கொசுவலை எல்லாம் இங்கயே குடுத்துட்டேன். ஒரே ஒரு அட்டைப்பெட்டிதான், நானே கட்டினேன். எஸ்தரம்மா உனுக்கு இன்னாவோ தெச்சுக் குடுத்துக்கீறாங்க, அதுவும் உள்ள கீது. ஏர்போர்ட் வாசல்ல என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் நிப்பாங்க. அவங்க எதிர்ல நீ வந்து என் பெட்டிய செக் பண்ணணும். பிளேடு எடுத்துகினு வா. பட்டியல் மேலயே ஒட்டிக்கீறேன். சின்ன எழுத்து, நைனா. ரொம்ப ரொம்ப சின்ன எழுத்து."

பின்னால் உன் தோழிகள் சிரிக்கிற சத்தம். ஏழு தடவை கேட்டேன். அடுப்பில் டீ பொங்கி வழிந்துவிட்டது. உன் அம்மா வந்து, "சின்ன எழுத்துன்னா இன்னாய்யா அர்த்தம்? அவ ஏன் அத்த ரெண்டு தபா சொல்றா?" என்று கேட்டாள். உனக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? நர்சு படிக்கிற பெண்ணிடம் எவ்வளவு நாள் மறைக்க முடியும்? சரி, நான்காவது குற்றம். அந்த இரண்டு பட்டியலையும் ஒட்டும்போது நான் அவற்றைப் படிக்கவே இல்லை. என்னால் படிக்க முடியவில்லை. இரண்டு வருடமாகவே கிட்டத்தில் உள்ள எழுத்து எனக்கு எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரிகிறது. மீசைக்கு மை அடிக்கிறவன் மூக்கில் கண்ணாடி ஏறினால் கிழவன் ஆகிவிடுவானே என்று பயம். கல்யாண போட்டோவில் கண்ணாடி போடாத அந்த ஓர் ஆள் நான்தான். காகிதத்தைத் தூர நீட்டிப் பிடித்தால் தெரியும். உன் எதிரில் அப்படிப் பிடிக்க வெட்கம். ஆபீசில், "நீங்க சத்தமா படிங்க, நான் பிரிச்சுப் பாக்கறேன்" என்று சொல்லியே தப்பித்தேன். பிரிப்பவர் ஒருவர், படிப்பவர் ஒருவர் என்ற பழக்கத்தின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு பக்தி என்று இப்போது புரிகிறதா? நீ அன்று பிரித்துப் பார்க்கலாம் என்றபோது நான் சலாம் போட்டுச் சிரித்தது கர்வத்தால் மட்டும் இல்லை. பிரித்தால், பட்டியலை நான் படிக்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இருநூறு மூக்குக்கண்ணாடி இருந்தும், எந்தப் பெட்டியில் என்று படிக்கத்தான் எனக்கு ஒரு கண்ணாடி இல்லை.

இப்போது இருக்கிறது. டீயைத் துடைத்துவிட்டு நேராகக் காசிமேட்டுக்குப் போனேன். லூர்து பெரியப்பா என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஊசியும் நூலும் நீட்டினார். "நூல் கோக்க முடிலடா உன்னால. அன்னிக்கே தெரியும்" என்றார். அவரே கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டு, என் பவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். நம்பர் இரண்டு. உன் அம்மா பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று பயந்தேன். "பரவால்ல, படிச்சவன் மாதிரி கீறே" என்றாள். அத்தோடு சரி. இந்தக் கடைசிப் பக்கத்தை அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுத்து சின்னதாகி, ஒரே தாளில் இவ்வளவும் அடங்கிவிட்டதை நீ கவனித்திருப்பாய்.

வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு எனக்கு. அந்தோணி மச்சானைப் பின்னால் அனுப்பியாகிவிட்டது. பிளேடைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன். ஆனால் அது உன் கைக்கு. உன் தோழிகள் எல்லாரும் பார்க்கட்டும்.

நீ பிரி, ஜெசி. நான் படிக்கிறேன்.

உன் நைனா